இருட்டுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

திரைக்கதையின் முதல் வரி:
வெளி. சந்து. நள்ளிரவு. இருட்டு.
வெங் சியாங் எழுதியது நான்கே சொல்.
முதல் மூன்றும் உடனே கிடைத்துவிட்டன.

கேலாங் லோரோங் ஒன்றின் பின்சந்து.
குளிர்சாதனப் பெட்டிகள் சொட்டிச் சொட்டித்
தரை கேட்டபடியே ஈரம், கேட்டபடியே பளபளப்பு.
மழைக்குத் தண்ணீர் லாரி வேண்டாம் என்று
நஸ்ரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு அடித்தாள்.
ஆனால் தெருவிளக்குகளை மாற்றிவிட்டார்கள்.
மஞ்சள் போய் வெள்ளை.
இந்த வெளிச்சத்தில் ஒருவன் கத்தியோடு வந்தால்
பல் மருத்துவர் வருவதுபோல் இருக்கும்.

ஜாலான் புசாரின் ஐந்தடிப் பாதையில்
தூணுக்குத் தூண் நிழல் இருந்தது.
தூணுக்குத் தூண் கண்காணிப்புக் கேமராவும் இருந்தது.
நாங்கள் ஃபிரேம் பார்க்கும் முன்பே
எங்களை யாரோ எடுத்து முடித்திருந்தார்கள்,
உயர் கோணத்தில், அகல லென்ஸில்,
எங்களைவிட நிதானமாக.

ஒன்று மட்டும் வாய்த்தது:
மெக்பர்சனில் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் உச்சி.
அங்கிருந்து குனிந்தால் சுழன்றிறங்கும் பாதை
அழுத்தி வைத்த கட்டைவிரல் ரேகை.
அதில் ஒற்றைக் கார், முன்விளக்கு அணைந்து.
காட்சி ஏழு. முப்பத்தைந்து லென்ஸ். அசையாமல்.
எழுதும்போதே கை குளிர்ந்தது எனக்கு.

கதாநாயகன் பரிதிக்குக் கம்பளிக் கோட்டு.
இரவு பதினொன்றுக்கும் முப்பது பாகை.
வேர்த்துக் கொட்டுகிறான். கொட்டட்டும்,
திரையில் அது குற்ற உணர்ச்சியாய்த் தெரிகிறது.
ஜன்னல் திரைப்பட்டைகள் யார் வீட்டிலும் இல்லை.
பழைய சமையலறைகளின் கண்ணாடிப் பட்டைகள் போதும்,
முகத்தில் ஏழெட்டுக் கம்பி விழும்,
கொஞ்சம் கருவாட்டு வாசனையோடு.

பிறகு சர்க்கிட் ரோட்டில்
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
பழுதான ஒரு விளக்கு.

மூச்சுவிடாமல் நின்றோம் மூவரும்.
ஒளிமானி முள் எழவே இல்லை.
சுவர் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறான்,
தெரியவில்லை.
துரோகம் இங்கேதான், என்றான் வெங் சியாங்,
வீடு பார்க்க வந்த புதுமாப்பிள்ளை
படுக்கையறையைக் காட்டுவதுபோல.
காட்சி பன்னிரண்டு. தாழ் கோணம்.
நான் படியில் படுத்துப் பார்த்தேன்.
எறும்பு கடித்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கருவிகளோடு போனால்
படிக்கட்டு பட்டப்பகல்.

"நேத்துதான் மாத்தினாங்க தங்கச்சி" என்றார்
வேலை முடிந்து ஏறி வந்த பெண்.
கழுத்தில் இன்னும் விமான நிலைய அட்டை.
"செயலியில நாந்தான் புகார் போட்டேன்.
ஒன்பது நாளா இந்த வளைவு வந்தா
போன்ல யார்கூடயோ பேசுற மாதிரி
சும்மா பேசிக்கிட்டே ஏறுவேன்."
சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கருவிகளைத் திங்கள் ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.
நகர மன்றத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம்:
மேற்படி விளக்கை இரண்டு மணி நேரம்
அணைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
காரணம் என்ற இடத்தில்
வெங் சியாங் 'கலை' என்று எழுதினான்.
நஸ்ரின் அதை அடித்து 'பாடத்திட்டம்' என்றாள்.
நான் எதுவும் சொல்லவில்லை.

ஏனென்றால் சிரித்து முடித்து அவர் திரும்பி ஏறியபோது
கேமரா பெட்டிக்குள் இருந்தது,
லென்ஸுக்கு மூடி போட்டிருந்தது,
புது விளக்கு அத்தனை பிரகாசமாய் எரிந்தது,
அவர் வீட்டுச் சாவியை
விரலிடுக்கில் கூர் வெளியே தெரியப் பிடித்திருந்தார்.

நானும் அப்படித்தான் பிடிப்பேன்.